நீண்ட வாழ்வும் நம் ஈரலும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

      

விழாக் குழுவினர் என்னிடம், "கல்வியைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள். கல்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால், கற்றவன் எத்தனை ஆண்டுகள் உடல் நலத்தோடு வாழ்ந்து அக்கல்வியின் பயனைத் தன் மக்களுக்கு வழங்குகிறான் என்ற கேள்வியின் வழியாக அதனைப் பேச விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். வரலாறு பயின்ற பள்ளி ஆசிரியன். மருத்துவ அறிஞர்கள் ஆய்ந்து வெளியிட்டவற்றைப் படித்து, வகுப்பில் பாடம் சொல்வதுபோல் உங்களுக்கு எடுத்துரைக்கிறேன்.

என் குடும்பத்திலிருந்தே தொடங்குகிறேன். என் தந்தையைப் பெற்ற பாட்டி, மேற்கு மலையடிவாரத்து வயல்களில் நாற்று நட்டும், களை பறித்தும், கதிர் அறுத்தும் வாழ்ந்தவர். கேப்பைக் கூழும் சோளச் சோறும் அவர் உணவு. கடைசி வரையில் கையில் கம்பு ஊன்றாமல் நடந்தார். அவர் மறைந்தபோது வயது தொண்ணூறு இருக்கும் என்றனர் ஊரார். என் தந்தையோ எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளியிறுதி வகுப்புத் தேறி, அரசு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவர். வெயிலும் சேறும் அறியாத வேலை. மூன்று வேளையும் அரிசிச் சோறு. கோப்பு புரட்டும் போதெல்லாம் சீனி கலந்த தேநீர். நாற்பதாம் வயதில் நீரிழிவு நோய் கண்டது. ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு இருக்கையில், 57ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். பாட்டி தம் மகனை அடக்கம் செய்துவிட்டு, அதன்பின் எட்டாண்டுகள் வாழ்ந்தார்.

அடுத்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்தபோது, கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் மதுவைத் தொட்டறியாதவன். ஆனால் செய்தி உறவினரிடையே பரவியதும், "வாத்தியார் யாருக்கும் தெரியாமல் குடிக்கிறார் போலிருக்கிறது" என்று பேசிக் கொண்டார்கள்! ஈரல் கெட்டது என்றால் குடித்துக் கெட்டது என்பதே நம் ஊரின் முடிவு. அந்தப் பழிச்சொல்தான் இந்தப் பொருளைப் பற்றி என்னைப் படிக்கத் தூண்டியது. ஒரே குருதியில் தோன்றிய மூவரில் ஒருவர் தொண்ணூறைத் தொட்டார், ஒருவர் அறுபதைக் காணவில்லை, மற்றொருவன் எச்சரிக்கை பெற்று உங்கள் முன் நிற்கிறான். இது ஏன்?

நீண்ட ஆயுள் பரம்பரையாக வருவது என்று நம் முன்னோர் கருதினர். "அவர்கள் நீண்ட ஆயுள்காரக் குடும்பம்" என்று இன்றும் கூறுகிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று. 1870க்கும் 1900க்கும் இடையே டென்மார்க்கு நாட்டில் பிறந்த 2,872 இரட்டையர் இணைகளின் ஆயுளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட அறிஞர்கள், மனிதருக்கு மனிதர் ஆயுளில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே பிறவியால் வருவது என்று கணித்தனர். பின்னர் வந்த மதிப்பீடுகள் இதனினும் கூடியும் குறைந்தும் அமைந்துள்ளன. எவ்வாறாயினும், பிறவி ஒரு பங்கு. வாழ்க்கை ஒரு பங்கு.

அப்படியாயின், தலைமுறை தலைமுறையாக நெடுநாள் வாழும் குடும்பத்தார் பிறவியிலேயே பெற்று வரும் அந்தச் செல்வம் யாது? அவர்கள் உடலுக்குள் நம்மிடம் இல்லாத எது இருக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடி, நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கப் பெற்றது. ஆணாயின் 89 வயதும், பெண்ணாயின் 91 வயதும் கடந்த உடன்பிறந்தார் இருவரேனும் உயிரோடு இருக்கும் குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவ்வாறு 421 குடும்பங்கள் கிடைத்தன. முதியோரோடு நிற்காமல், அவர்களுடைய பிள்ளைகளையும் ஆய்ந்தனர். பிள்ளைகளை யாரோடு ஒப்பிடுவது? இங்குதான் அந்த அறிஞர்களின் நுண்ணறிவு விளங்குகிறது. அப்பிள்ளைகள் மணந்துகொண்ட கணவரோடும் மனைவியரோடும் ஒப்பிட்டனர். ஒரே வீடு, ஒரே அடுப்பில் வெந்த உணவு, ஏறத்தாழ ஒரே வயது. பிறந்த குடும்பம் மட்டுமே வேறு.

2009இல் வெளியான முடிவைக் கேளுங்கள். நெடுநாள் வாழ்ந்தோரின் பிள்ளைகளில் நீரிழிவு உடையோர் நூற்றுக்கு 4.4 பேர், அவர்தம் வாழ்க்கைத் துணைவரிலோ 7.6 பேர். மாரடைப்புக் கண்டவர்கள் முன்னவரில் 2.4 விழுக்காடு, பின்னவரில் 4.1 விழுக்காடு. இரத்தக் கொதிப்பிலும் இவ்வாறே வேறுபாடு இருந்தது. மேலும் ஆழ்ந்து ஆராய்ந்தபோது, அப்பிள்ளைகளின் உடல் இன்சுலின் என்னும் சுரப்பு நீரின் சொல்லை நன்கு கேட்டு நடப்பதும், அவர்களுடைய தசைகளுக்குள் தேங்கும் கொழுப்புக் குறைவாக இருப்பதும் தெரிய வந்தன. அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் நெடுநாள் வாழும் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்வோரும் நீரிழிவு அவர்களிடம் குறைவு என்றே கண்டனர்.

நீண்ட ஆயுளின் இரகசியம் ஏதோ காயகற்பம் என்று எண்ணியிருப்போருக்கு இது சிறு ஏமாற்றமாக இருக்கலாம். உண்ட உணவிலிருந்து வரும் சர்க்கரையையும் கொழுப்பையும் உரிய இடத்தில் உரிய அளவில் வைத்துக் காக்கும் ஆற்றல் முதுமை வரையில் தளராதிருப்பதே, இக்குடும்பங்களிடம் காணப்பட்ட தனிச் சிறப்புகளில் தலையாயது.

இதில் ஈரலுக்கு என்ன பங்கு என்பதை இப்போது விளக்குகிறேன். வலப்பக்க விலா எலும்புகளின் கீழே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுடன் இருப்பது கல்லீரல். அதனை நம் வீட்டுக் குதிருக்கு ஒப்பிடலாம். நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து, "இச்சர்க்கரையை ஏற்றுக் கொள்ளுங்கள்" என்று தசைகளுக்கு ஆணையிடுகிறது. உழைக்கும் தசை அதனை ஆவலோடு வாங்கிக் கொள்கிறது. உழைக்காத தசையோ கதவைச் சாத்திக் கொள்கிறது. வாசலில் நிற்கும் சர்க்கரை எங்கே போகும்? ஈரலுக்குப் போகிறது. ஈரல் தன்னால் இயன்ற அளவு சேமித்து வைத்து, மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றுகிறது. தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கிற்கு மேல் கொழுப்புச் சேர்ந்துவிட்டால், அதனைக் கொழுப்பேறிய கல்லீரல் என்பர் மருத்துவர்.

கொழுப்பேறிய ஈரல் பின்னர் இன்சுலினின் சொல்லையும் கேட்பதில்லை. நாம் உண்ணாதிருக்கும் இரவிலும் சர்க்கரையைக் குருதிக்குள் கொட்டிக் கொண்டே இருக்கிறது. நீரிழிவு வருகிறது. ஈரலிலிருந்து கிளம்பும் கொழுப்பு குருதிக் குழாய்களைக் கெடுக்கிறது. சிலருக்கு ஈரலே அழன்று, தழும்பேறி, சுருங்கிவிடுகிறது. புற்று நோயாக மாறுவதும் உண்டு. ஆனால் இந்நோயுடையோரில் மிகுதியானோரின் உயிரைக் கவர்வது ஈரல் நோயன்று. இதய நோயே ஆகும். இத்தனையும் நிகழும்போது வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஓசையின்றிச் செல் அரிப்பது போல் அரிக்கும் நோய் இது.

குடியாமலே வரும் இந்நோயைப் பற்றிய பழிச்சொல்லைப் போக்குவதற்காகவே, உலக மருத்துவ அமைப்புகள் 2023ஆம் ஆண்டில் இதன் பெயரையும் மாற்றின. 'மது சாராத' என்ற பழைய அடைமொழியை நீக்கி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றைச் சார்ந்த நோய் என்று பெயரிட்டனர். மதுவால் ஈரல் கெடுவது தனி உண்மை. கொழுப்பேறிய ஈரலின் மீது மதுவையும் ஊற்றுவது, எரிகிற கூரையில் எண்ணெய் வார்ப்பதை ஒக்கும்.

இளைஞர்களே! "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு ஏது கொழுப்பு?" என்று உங்களில் பலர் எண்ணக் கூடும். அந்த எண்ணத்தை விட்டொழியுங்கள். புனே நகரத்து மருத்துவ அறிஞர் யாக்னிக் அவர்களும், இலண்டன் மருத்துவ அறிஞர் யுட்கின் அவர்களும் 2004இல் தங்கள் இருவரின் நிழற்படத்தையும் அருகருகே வைத்து ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; இந்தியரின் உடலிலோ 21.2 விழுக்காடு! பார்வைக்கு இருவரும் ஒரே அளவு. உள்ளே இருமடங்கிற்கும் மேல் கொழுப்பு.

இதன் வேரைத் தேடிப் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் 1993 முதல் கருவுற்ற தாய்மாரை ஆராய்ந்தனர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளின் எடையோ 3.5 கிலோ. நம் குழந்தைகள் தசையிலும் உறுப்புகளிலும் குறைந்திருந்தன; கொழுப்பில் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அரை வயிற்றுக் கஞ்சியோடு வயலில் குனிந்து வேலை செய்த தாயின் கருவில், குழந்தை தசையைச் சுருக்கிக் கொண்டு கொழுப்பைக் காத்துக் கொள்கிறது. பஞ்சத்திற்கு ஏற்ற உடல் அது. அந்த உடல் நாற்காலியில் அமர்ந்து மூன்று வேளையும் வயிறார உண்ணும் நாள் வரும்போதுதான் கேடு தொடங்குகிறது.

நெடுநாள் வாழும் குடும்பங்களைக் காட்டிய அதே நெதர்லாந்து நாடு, இதற்கும் சான்று தருகிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில், அங்கு கொடும் பட்டினி வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகள் ஐம்பது வயதை எட்டியபோது, அவர்களுடைய உடல் சர்க்கரையை ஆளும் திறனில் குறைந்திருந்ததைக் கண்டனர். அங்கே பட்டினி ஒரு குளிர்காலம். நம் சேரிகளிலோ அது எத்தனை தலைமுறை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் நாட்டு நிலையைப் பாருங்கள். சென்னை நகரில் 541 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 32 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. நீரிழிவு உடையோரில் பாதிப் பேருக்கு மேல் இருந்தது. நகரத்தாரை விடுங்கள், மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்து ஏழைக் கிராமங்களில் 1,911 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டபோது, நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இந்நோய் காணப்பட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பருத்த உடலும் இல்லாதவர், பெருத்த வயிறும் இல்லாதவர்! 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு உண்டு என்கிறது. நூறு பேர் அமர்ந்திருக்கும் பந்தலில் பதினான்கு பேர்!

தோழர்களே! நீண்ட ஆயுள் என்பது நம்மவர்க்கு வெறும் உடல்நலச் செய்தி அன்று. அது உரிமைச் செய்தி. தமிழ்நாடு அடங்காத ஒன்பது இந்திய மாநிலங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, உயர் சாதி இந்துக்களைவிடத் தலித் மக்களின் சராசரி ஆயுள் மூன்றாண்டுகளுக்கு மேல் குறைவு என்றும், பழங்குடி மக்களின் ஆயுள் நான்காண்டுகளுக்கு மேல் குறைவு என்றும் காட்டியது. வறுமையைக் கணக்கில் கழித்த பின்னும் அந்த இடைவெளி முற்றும் மறையவில்லை. நிலத்தையும் நீரையும் மறுத்த சமுதாயம், ஆண்டுகளையும் நம்மிடமிருந்து எடுத்துக் கொண்டது.

நம் வயது நமக்கே தெரியாமற் போனதும் இதன் ஒரு பகுதியே. லெய்டனில் 421 குடும்பங்களின் வயதை உறுதி செய்ய முடிந்தது. அங்கே பிறப்புப் பதிவேடு உண்டு. நம் பாட்டிமார் புயலையும் பஞ்சத்தையும் கொண்டு வயதைக் கணக்கிட்டனர். பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளையை, வலக்கையைத் தலைக்கு மேல் கொண்டு சென்று இடக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று எழுதிக் கொண்ட காலம் உண்டு. பிறப்பையும் இறப்பையும் நாடெங்கும் பதிய வேண்டும் என்ற சட்டமே 1969இல்தான் வந்தது.

நம் தலைவர்களின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் எழுபது வயதை ஒட்டிய காலத்தில் கடல் கடந்து இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்று நமக்காகக் குரல் கொடுத்தார். எண்பது வயதைக் கடந்து வாழ்ந்து, 1945இல் மறைந்தார். அண்ணல் அம்பேத்கர் அவர்களோ 1948 முதல் நீரிழிவு நோயால் வருந்தினார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். இரண்டு மாதம் கூட நிறையவில்லை. டிசம்பர் 6ஆம் நாள் தம் 65ஆம் வயதில் பிரிந்தார். ஓயாத உழைப்பும், இள வயதின் வறுமையும், மருத்துவம் இன்றுபோல் வளராத காலமும் சேர்ந்து அந்த வாழ்வைச் சுருக்கின. இன்னும் பத்தாண்டுகள் அவர் இருந்திருப்பாரேயானால் இந்நாடு எவ்வாறு இருந்திருக்கும் என்று நான் எண்ணாத நாளில்லை. ஒரு மனிதரின் ஆயுள் ஒரு சமுதாயத்தின் சொத்து என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவ்வளவு பெரிய அளவில் வேண்டாம். நம் கழகத்தால் படித்து, முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தம்பியை எண்ணுங்கள். தங்கையின் படிப்பு, பெற்றோரின் மருந்து, வீட்டுக் கடன் அனைத்தும் அந்த ஒரு சம்பளத்தில் தொங்குகின்றன. அவன் ஐம்பது வயதில் சாய்ந்தால், அக்குடும்பம் மீண்டும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் திரும்பி விடும். நான் இதனைக் கண்ணால் கண்டவன். என் தந்தை மறைந்தபோது என் தம்பியின் படிப்பு நின்றது.

அப்படியானால், பிறவிச் செல்வம் இல்லாத நாம் என்ன செய்வது? எழுத்தறிவும் ஒரு காலத்தில் சிலருடைய பிறவிச் செல்வமாகத்தான் இருந்தது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் அது தானாகக் கிடைத்தது. நமக்கு அது இரவுப் பள்ளியிலும், மண்ணெண்ணெய் விளக்கிலும், இந்தக் கழகத்தின் உதவியிலும், முயன்று பெற்ற செல்வம். முயன்று பெற்றதால் அது குறைந்தா போயிற்று? உடல் நலமும் அத்தகையதே. நெடுநாள் வாழும் குடும்பங்கள் பரம்பரையாகப் பெற்றதை, நாம் முயற்சியால் பெரும்பங்கு பெற முடியும். இதுவே இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி.

இதற்கும் சான்று காட்டுகிறேன். நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தப் பெற்று, 2006இல் முடிவு வெளியான ஆய்வு ஒன்று சென்னையிலிருந்தே வந்தது. உணவை ஒழுங்கு செய்து, நாள்தோறும் நடந்தவர்களுக்கு, மூன்றாண்டு அளவில், நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய உடல் எடை பெரிதும் குறையாத போதும் இந்நன்மை கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். மற்றோர் ஆய்வில், இன்சுலினுக்குச் செவி சாய்க்காத உடலுடைய இளைஞர்களை ஒரே ஒரு முறை, 45 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வைத்தனர். அதன்பின் உண்ட உணவிலிருந்து ஈரல் புதிதாக உண்டாக்கிய கொழுப்பு 30 விழுக்காடு குறைந்தது. சாத்திய கதவைத் தசை திறந்து விட்டது! என் பாட்டியின் தசைகள் ஆண்டு முழுவதும் திறந்தே இருந்தன என்பதை அன்றுதான் நான் புரிந்து கொண்டேன்.

நீரிழிவு வந்தவர்களுக்கும் நம்பிக்கை உண்டு. பிரித்தானியாவில் 306 நீரிழிவாளரைக் கொண்டு நடந்து, 2017இல் வெளியான ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் உணவை வெகுவாகக் குறைத்து எடை இழந்தவர்களில் 46 விழுக்காட்டினர், ஓராண்டின் முடிவில் மருந்தின்றியே நோய் தணிந்து இருந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்றவரில் அவ்வாறு தணிந்தவர் 4 விழுக்காட்டினரே. ஈரலை விட்டுக் கொழுப்பு நீங்கியதே இதன் அடிப்படை என்கின்றனர் அறிஞர். பருத்த உடலுடையோர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தால் ஈரல் கொழுப்புக் குறையத் தொடங்கும். ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்தால் ஈரலின் அழற்சியும் ஆறும். ஆனால் எவரும் தாமாக மருந்தை நிறுத்துதல் கூடாது. ஈரல் மருந்து என்று சந்தையில் விற்கும் பொடிகளையும் சாறுகளையும் மருத்துவரைக் கேளாமல் உண்ணுதலும் கூடாது. அவற்றுள் சில ஈரலையே கெடுக்கும்.

அன்றாட வாழ்வுக்கு எளிய வழிகள் சிலவற்றைச் சொல்கிறேன். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

ஒன்று, தையற்காரரின் அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதைக் கடந்தால் ஈரலையும் சர்க்கரையையும் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். அளவுக்குள் இருந்தாலும், வீட்டில் பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் முப்பது வயதிலேயே பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

இரண்டு, தட்டில் சோற்றைக் குறைத்து, பருப்பு, பயறு, முட்டை, மீன், கீரை ஆகியவற்றைக் கூட்டுங்கள். நம் முன்னோரின் கம்பும் கேப்பையும் ஏழைமையின் சின்னம் என்று வெட்கப்பட வேண்டாம். தேநீருக்குச் சீனியைக் குறையுங்கள். சீனியில் பாதி பழச்சர்க்கரை. அதனைக் கையாளும் சுமை பெரும்பாலும் ஈரலின் தலையில்தான் விழுகிறது. பாட்டிலில் அடைத்த இனிப்புக் குளிர்பானத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். குற்றாலச் சாரலில் பரோட்டா உண்பது இன்பமே. அதனை அன்றாட இரவு உணவாக்கிக் கொள்வதுதான் தீது. வள்ளுவர் பெருமானும் மருந்து என்று தலைப்பிட்ட அதிகாரத்தில், மருந்தைவிட உணவின் அளவைப் பற்றியே மிகுதியாகப் பேசியிருக்கிறார் என்பதை மாணவர்கள் அறிவீர்கள்.

மூன்று, நாள்தோறும் அரை மணிக்குக் குறையாமல் விரைந்து நடங்கள். படித்தவன் மண்வெட்டி பிடிப்பதும் மிதிவண்டி ஓட்டுவதும் இழிவு என்ற எண்ணம் நம்மிடையே வந்துவிட்டது. அடிமைத் தொழிலை உதறியது விடுதலை. உழைப்பையே உதறியது தவறு. பிறருக்காகக் கட்டாயத்தால் குனிந்த முதுகு, இனி நமக்காக விரும்பிக் குனியட்டும்.

நான்கு, கருவுற்ற தாய்மாரைப் போற்றுங்கள். பெண் பிள்ளைக்கு மிச்சத்தைப் போடும் வழக்கம் எந்த வீட்டிலும் இருத்தல் ஆகாது. பேரனின் ஈரல் பாட்டியின் தட்டிலிருந்து தொடங்குகிறது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பசி போக்குவதோடு நில்லாமல், நெடுநாள் வாழும் உடலைக் கட்டும் திட்டங்களும் ஆகும். அந்த முட்டையை வேண்டாம் என்று ஒதுக்கும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

அரசின் உதவியும் உண்டு. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு இந்த ஈரல் நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு நோய் வந்தபின் செல்வது பாதி அறிவு. வருமுன் செல்வதே முழு அறிவு.

நிறைவாக, நம் கழகத்திற்கு இரண்டு வேண்டுகோள். கழகத்தின் உதவி பெறும் ஒவ்வொரு மாணவனும் தன் குடும்பத்தில் மூன்று தலைமுறையினரின் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, கண்ட நோய் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். வரலாறு மறுக்கப்பட்ட நாம், நம் உடலின் வரலாற்றையாவது நாமே எழுதத் தொடங்குவோம். ஆண்டுதோறும் கழக விழா நாளில், பரிசளிப்புக்கு முன்பாக, இடுப்பளவும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்ய வேண்டும். மேடையில் அமரும் பெரியோர்களே முதலில் அளந்து கொள்ள வேண்டும். நான் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், நூறு வயதைக் கடந்த பின்னும் வயலில் இறங்கி வேலை பார்த்த பாப்பம்மாள் அவர்கள், 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2024இல் மறைந்தார். கோவில்பட்டியில் பிறந்த விடுதலைப் போராளி சங்கரய்யா அவர்கள், 2023இல் 102ஆம் வயதில் மறையும் வரையில் நூறாண்டு வரலாற்றுக்குச் சாட்சியாக விளங்கினார். அத்தகைய முதுமை நம் தெருக்களிலும் வர வேண்டும். வெறுமனே கட்டிலில் கிடக்கும் முதுமை அன்று. பேரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் முதுமை.

இன்று வெள்ளி விழாக் காணும் இக்கழகம், இன்னும் 25 ஆண்டுகளில் பொன் விழாக் காணும். இப்பந்தலில் அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு அப்போது ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். என் தந்தை நலிந்து கொண்டிருந்த வயது அது. அன்று உங்களில் ஒருவர் கூடக் குறையாமல், நிமிர்ந்த நடையோடு இந்த மேடையேறிப் பேச வேண்டும் என்பதே இந்த ஆசிரியனின் விருப்பம். நானும் முயன்று நடந்து கொண்டிருக்கிறேன். முதல் வரிசையில் அமர்ந்து கேட்க வருவேன்.